சக்கரம் இல்லாமல் கைப்பிடிக் கோப்பை: மண் பிசைவதிலிருந்து சூளை திறப்பது வரை

புதியவர்கள் செய்யும் முதல் கோப்பை பெரும்பாலும் கையில் இருக்கும்போது கெடுவதில்லை. மூன்று நாள் கழித்துத் தட்டில் காயும்போது விரிசல் விடுகிறது, அல்லது சூளைக்குள் கைப்பிடி கழன்று விழுகிறது. பிழை அதற்கு வெகு முன்பே நடந்திருக்கும். ஈரம் அதிகமான துண்டைக் காய்ந்த துண்டோடு ஒட்டியிருப்பார்கள், அல்லது ஒரு பக்கத்தை மட்டும் வேகமாகக் காயவிட்டிருப்பார்கள். கீழே உள்ள வரிசையில் எந்த வேலை எந்தப் பதத்தில் என்பதுதான் முக்கியம். உருவ அழகு பிறகு வரும்.

முழு வேலைக்கும் ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். கை படும் நேரம் அதில் ஐந்தாறு மணிதான். மீதி, காத்திருப்பு.

1. மண் வாங்குமுன் சூளையை உறுதிசெய்யுங்கள்

இதைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம். மண்ணை வாங்கிக் கோப்பையும் செய்து முடித்த பிறகு சூளை தேடுவார்கள். அங்கே அந்த மண்ணுக்குரிய வெப்பம் கிடைக்காது.

கோப்பையை இருமுறை சுட வேண்டும்: வெறும் மண்ணாக ஒருமுறை, கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு) பூசியபின் ஒருமுறை. சுடப்போகும் இடத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: முதல் சூடு எத்தனை டிகிரி? கிளேஸ் சூடு எத்தனை டிகிரி? கிளேஸ் சூடு 1220 முதல் 1240 டிகிரி செல்சியஸ் என்றால், அந்த வெப்பத்துக்கென்று பையில் குறிப்பிட்டிருக்கும் ஸ்டோன்வேர் களிமண்ணை வாங்கலாம். டெரகோட்டா போன்ற தாழ்வெப்ப மண்ணை அந்தச் சூட்டில் வைத்தால் உப்பி, உருகி, சூளைத் தட்டையும் பாழாக்கிவிடும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. ஸ்டோன்வேர் மண்ணை 1050 டிகிரியோடு நிறுத்தினால் அது இறுகாது, உள்ளே ஊற்றியதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சூளைக்காரர்கள் வெப்பத்தைக் கோன் எண்ணில் (சூட்டை அறியச் சூளைக்குள் வைக்கும் சிறு கூம்புகளின் எண்) சொல்வதுண்டு. கோன் 06 வேறு, கோன் 6 வேறு. முன்னது ஏறத்தாழ 1000 டிகிரி, பின்னது ஏறத்தாழ 1220. முன்னால் நிற்கும் அந்தச் சுழியத்தைக் கவனிக்காமல் விட்டு ஒரு முழுச் சூளையையே இழந்தவர்கள் உண்டு. எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலைக்கு, நுண்ணிய சுட்ட மண் தூள் கலந்த ஸ்டோன்வேர் சிறந்தது. அந்தத் தூள் ஏற்கெனவே சுருங்கி முடித்தது. அதனால் மொத்தச் சுருக்கம் குறைகிறது, சுவர் சரியாமல் நிற்கிறது, ஈரமும் எளிதில் வெளியேறுகிறது. போர்சலினை (வெண்பீங்கான் மண்) இப்போது தொட வேண்டாம். சூளை இல்லாமல் தானே இறுகும் கைவினை மண்ணில் கோப்பை செய்தால் அதில் நீர் ஊற்ற முடியாது.

2. மேசையில் இருக்க வேண்டியவை

1 கிலோ மண். கோப்பைக்கு அரைக் கிலோதான் போகும், மீதி சோதனைத் துண்டுகளுக்கும் இரண்டாவது கைப்பிடிக்கும் வேண்டும்.

மண் ஒட்டாத கித்தான் துணி ஒன்று, உருட்டுக்கட்டை ஒன்று, சரியாக 6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு மரச்சட்டங்கள். இந்தச் சட்டங்களைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கண் மதிப்பில் உருட்டிய தகடு ஓரிடத்தில் 4, இன்னோரிடத்தில் 9 மி.மீ. என்று இருக்கும். மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கித் தடித்த இடத்தை இழுக்கும்.

8 செ.மீ. விட்டமுள்ள நேரான டப்பா அல்லது குழாய்த் துண்டு. அதைச் சுற்ற செய்தித்தாள். மெல்லிய கத்தி, தடித்த ஊசி, முள்கரண்டி, பஞ்சு, வளையக்கூடிய பழைய பிளாஸ்டிக் அட்டை, இரண்டு குச்சிகளில் கட்டிய மெல்லிய கம்பி, பிளாஸ்டிக் உறைகள், 28 × 11 செ.மீ. அளவில் வெட்டிய கெட்டித்தாள், சமதளமான இரண்டு மரப்பலகைகள். சமையலறைக் கருவி எதை எடுத்தாலும் அது திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

துண்டுகளை ஒட்டப் பசையாகப் பயன்படும் மண்குழம்பை முதல் நாளே செய்யுங்கள். அதே மண்ணில் ஒரு கைப்பிடி அளவை மெல்லிய துண்டுகளாக்கி முழுவதும் காயவிட்டு, மூழ்கும் அளவு நீரில் போடுங்கள். நன்றாகக் காய்ந்த மண் நீரில் தானே கரைந்து உதிரும். அரைகுறையாகக் காய்ந்தது கட்டியாகவே கிடக்கும். கலக்கியபின் கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழுகி விழும் கெட்டி வேண்டும். வேறு மண்ணின் குழம்பைப் பயன்படுத்த வேண்டாம், அதன் சுருக்க அளவு வேறாக இருக்கும்.

3. பதங்களைக் கையால் அறிதல்

குழைபதம்: பையிலிருந்து எடுத்தவுடன் இருப்பது. விரல் அழுத்தினால் தடம் விழும். பிசையவும் உருட்டவும் இதுதான்.

இளந்தோல் பதம்: மேற்பரப்பின் பளபளப்பு போயிருக்கும், விரல் ரேகை பதியாது, ஆனால் வெடிக்காமல் வளையும். தகட்டைச் சுற்றி நிறுத்த இதுதான் சரி. சோதிக்க ஒரு வழி: ஓரத்திலிருந்து விரல் அகலத் துண்டை வெட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெளிப்பக்கம் நுண்விரிசல் விட்டால் அதிகம் காய்ந்துவிட்டது. விரலில் பிசுபிசுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

தோல் பதம்: வளையாது, ஆனால் கத்தியால் சீவினால் சுருளாக வரும். கைப்பிடி ஒட்டவும் அடியைச் சீவவும் உரிய நேரம்.

உலர்பதம்: நிறம் வெளுத்திருக்கும், கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியாது. இந்த நிலையில் எதையும் ஒட்ட முடியாது. மண் தன் வாழ்நாளிலேயே மிக எளிதில் உடைவதும் இப்போதுதான்.

4. பிசைதல்

பையில் வந்த மண் மிருதுவாக இருந்தாலும் பிசையுங்கள். பையின் ஓரம் காய்ந்தும் நடு ஈரமாகவும் இருக்கும், அதைச் சமமாக்கவே இந்த வேலை.

இரண்டு உள்ளங்கைகளாலும் கட்டியை முன்னோக்கிக் கீழே தள்ளி, உருட்டித் தன் பக்கம் இழுத்து, மறுபடி தள்ளுங்கள். நாற்பது ஐம்பது முறை போதும். மேசை இடுப்புக்குக் கீழே இருந்தால் உடல் எடை வேலை செய்யும், இல்லையென்றால் மணிக்கட்டு வலிக்கும். சப்பாத்தி மாவுபோல மடித்து மடித்துப் பிசைவதுதான் இங்கே வழக்கமான தவறு. ஒவ்வொரு மடிப்பும் காற்றை உள்ளே அடைக்கும். கம்பியால் நடுவில் வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தில் குழியோ இருநிறக் கோடோ தெரியாவிட்டால் முடிந்தது.

5. தகடு உருட்டுதல்

கட்டியைக் கித்தானில் வைத்துக் கையால் தட்டி 2 செ.மீ. தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். இருபக்கமும் சட்டங்களை வைத்து, நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். நான்கைந்து உருட்டுக்கு ஒருமுறை தகட்டைத் துணியிலிருந்து பிரித்துப் புரட்டி, கால் சுற்றுத் திருப்பிப் போடுங்கள். துணியில் ஒட்டியபடியே உருட்டினால் மேற்பக்கம் மட்டும் விரியும், அடிப்பக்கம் விரியாது. காயும்போது அந்தத் தகடு சுருண்டுகொள்ளும். கட்டை சட்டங்களின் மேல் ஓடத் தொடங்கியதும் நிறுத்தலாம். ஏறத்தாழ 35 × 25 செ.மீ. தகடு கிடைக்கும்.

பிறகு பிளாஸ்டிக் அட்டையைச் சாய்த்துப் பிடித்து இருபக்கமும் அழுத்தி வழியுங்கள். துணியின் தடம் மறைவது அதில் கிடைக்கும் சின்ன லாபம். துகள்கள் நெருங்கி அமர்வதால் விரிசல் குறைவது பெரிய லாபம்.

தகட்டை ஒருபோதும் ஓரத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். மண்ணுக்கு நினைவு உண்டு என்று இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள். இப்போது வளைந்ததை நீங்கள் நேராக்கினாலும் சூளையில் அது மறுபடி வளையும். பலகையை மேலே வைத்து இரண்டு பலகைகளுக்கு நடுவில் புரட்டுங்கள்.

ஓரத்துண்டில் 14 × 3 செ.மீ. பட்டை ஒன்று வெட்டி, அதில் ஊசியால் சரியாக 10 செ.மீ. கோடு இழுத்து வையுங்கள். சுட்டபின் அந்தக் கோட்டை அளந்தால் உங்கள் மண்ணின் சுருக்கம் தெரிந்துவிடும். 8.8 செ.மீ. ஆகியிருந்தால் 12 விழுக்காடு. கிளேஸ் சோதனைக்கு இன்னும் மூன்று சிறு துண்டுகளை வெட்டிச் செங்குத்தாக நிற்கும்படி அடியை மடித்து வையுங்கள்.

தகட்டை 20 முதல் 40 நிமிடம் விடுங்கள். இளந்தோல் பதம் வரும் வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. மழைநாளில் இரண்டு மணி நேரமும் ஆகலாம், கடிகாரத்தை விட விரல் சோதனையை நம்புங்கள்.

6. சுவரும் அடியும்

கெட்டித்தாளை வைத்து 28 × 11 செ.மீ. பட்டை வெட்டுங்கள். இரண்டு குறுகிய ஓரங்களையும் கத்தியை 45 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். இரண்டு சாய்வும் ஒரே திசையில் இருக்கட்டும், பக்கவாட்டில் பார்த்தால் இணைகோடுகள்போல. எதிரெதிராகச் சாய்த்து வெட்டினால் சுற்றிய பிறகு ஒன்றின்மேல் ஒன்று படியாது. பாதிப் பேர் தடுமாறும் இடம் இது. முதலில் காகிதத்தில் வரைந்து பார்த்துவிடுங்கள்.

டப்பாவைச் செய்தித்தாளால் ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் தகட்டைச் சுற்றுங்கள். தாள் இல்லையென்றால் மண் டப்பாவைப் பிடித்துக்கொள்ளும். ஓரங்கள் சந்திக்கும் இடத்தில் மிகுதியை அதே சாய்வில் சீவுங்கள். இரு முகங்களையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக 1 முதல் 2 மி.மீ. ஆழம் கீறி, மண்குழம்பைத் தடவி, லேசாக அசைத்து அழுத்துங்கள். இடுக்கிலிருந்து குழம்பு பிதுங்கினால் காற்று வெளியேறிவிட்டது என்று பொருள். கீறாமல் குழம்பு மட்டும் தடவிய மூட்டு இப்போது உறுதியாகத் தெரியும், காய்ந்ததும் அப்படியே பிரியும்.

டப்பாவை உடனே உருவிவிடுங்கள். ஓர் இரவு உள்ளே விட்டால் மண் சுருங்கும், டப்பா சுருங்காது, சுவர் மேலிருந்து கீழ்வரை கிழியும். உருவியபின் மூட்டின் உட்புறம் 4 மி.மீ. தடிமனுள்ள மண்திரி (கயிறுபோல உருட்டிய மண்) ஒன்றை வைத்து விரலால் தேய்த்துச் சேருங்கள்.

அடிக்கு 10 செ.மீ. சதுரத் தகட்டை எடுத்து, அதன்மேல் சுவரை நிறுத்தி வட்டம் வரைந்து, இருபுறமும் கீறிக் குழம்பிட்டு ஒட்டி, வெளி மிகுதியை வெட்டுங்கள். உள்மூலையில் ஒரு மண்திரி. அதை விரலால் வளைவாக்குங்கள். கூர்மையான உள்மூலையில்தான் விரிசல் தொடங்கும், பின்னாளில் கழுவுவதும் கடினம். அடியின் உட்பரப்பை மறுபடி அழுத்தி வழிக்க மறக்காதீர்கள். வெளி அடிவிளிம்பைச் சற்றே சாய்த்துச் சீவினால் கிளேஸ் வழியும்போது நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

வாய்விளிம்பை ஈரமான பிளாஸ்டிக் கீற்றை மடித்துப் பிடித்து ஓட்டி உருண்டையாக்குங்கள். உதடு படும் இடம், 4 மி.மீ. போதும். அதற்கும் மெல்லியதானால் சூளையில் கோணிக்கொள்ளும், எளிதில் சில்லுப் பெயரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நுண்விரிசல் தெரிந்தால் நீரைத் தடவித் தேய்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. நீர் மேற்பரப்பை மட்டும் இளக்கி விரிசலை மறைக்கும். உள்ளே அது இருக்கும். விரிசலைக் கத்தியால் திறந்து, கீறி, மண்குழம்பும் மண்ணும் வைத்து அடைப்பதுதான் சரியான வழி.

7. கைப்பிடி

சுவரை ஒட்டிய அதே அமர்வில் 14 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டி ஓரங்களை உருட்டுங்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று. காதுபோல வளைத்துப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். கோப்பையையும் கைப்பிடிகளையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் இரவு மூடிவைத்தால் இரண்டும் ஒரே ஈரத்துக்கு வந்துவிடும். கைப்பிடி கழல்வதைத் தடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஈரக் கைப்பிடியைக் காய்ந்த கோப்பையில் ஒட்டினால், சுவர் பாதி சுருக்கத்தை முடித்திருக்கும், கைப்பிடி தொடங்கியே இருக்காது.

மறுநாள் திறந்து, தோல் பதம் வந்ததும் ஒட்டுங்கள். முனைகளைச் சுவரின் வளைவுக்கேற்ப வெட்டி, இரு இடத்திலும் ஆழமாகக் கீறி, குழம்பிட்டு அழுத்துங்கள். அழுத்தும்போது மறுகை விரல்கள் உள்ளிருந்து சுவரைத் தாங்க வேண்டும், இல்லையென்றால் சுவர் குழியும். கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். சுட்டபின் 2.6 செ.மீ. ஆகும், விரல் நுழையும்.

செங்குத்து மூட்டைக் கைப்பிடிக்குப் பின்னால் மறைப்பது பலரின் வழக்கம், பார்வைக்கு நன்றாக இருக்கும். முதல் கோப்பையில் நேர் எதிர்ப்பக்கம் வைப்பதே நல்லது. விரிசல் வந்தால் அது சுவர் மூட்டால் வந்ததா, கைப்பிடியால் வந்ததா என்று தெளிவாகத் தெரியும்.

8. உலர்த்துதல்

கைப்பிடி ஒட்டிய கோப்பையை 24 மணி நேரம் காற்றுப் புகாமல் மூடுங்கள். மூட்டில் தடவிய குழம்பின் ஈரம் சுற்றிலும் பரவ அந்த நேரம் தேவை. அதன்பின் உறையைத் தளர்த்தி ஒரு வாரம் மெதுவாகக் காயவிடுங்கள். மெல்லியவை முதலில் காயும் என்பதால் கைப்பிடிக்கும் வாய்விளிம்புக்கும் மட்டும் கூடுதலாக ஒரு பிளாஸ்டிக் கீற்றைச் சுற்றுங்கள். அடியில் செய்தித்தாள் இருந்தால் சுருங்கும் மண் பலகையைப் பிடிக்காமல் நகரும். விளிம்பு இறுகியதும் தலைகீழாகக் கவிழ்த்தால் அடியும் காற்றுப் படும்.

வெயில், மின்விசிறி, அடுப்பு எதுவும் வேண்டாம். ஒருபக்கக் காற்று ஒருபக்கச் சுருக்கத்தைக் கொடுக்கும்.

காய்ந்துவிட்டதா என்று அறிய எடைத்தராசுதான் நம்பகமானது. அடுத்தடுத்த இரண்டு நாள் எடை ஒரே அளவில் நின்றால் வெளியேற வேண்டிய நீர் போய்விட்டது. உலர்ந்த கோப்பையைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், இரண்டு கையாலும் அடியைத் தாங்குங்கள்.

இப்போது விரிசல் கண்டால் ஒட்ட முயலாமல் நொறுக்கி நீரில் போடுங்கள். மண் அப்படியே மீளும். சுட்ட பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

காய்ந்த பிசிறுகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். களிமண் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரப் பஞ்சால் துடையுங்கள், மேசையையும் தரையையும் அப்படியே. துடைப்பம் தூசியைக் கிளப்பும். மண் கலந்த நீரைக் கழிநீர்த் தொட்டியில் ஊற்றாமல் வாளியில் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் கொட்டுங்கள், குழாய் அடைக்காது.

9. முதல் சூடு

காய்ந்ததுபோல் தெரியும் மண்ணிலும் சிறிது ஈரம் தங்கியிருக்கும். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். வெளியேற வழியில்லையென்றால் சுவரைப் பிளந்துகொண்டு வரும். சூளையில் பாத்திரம் வெடிப்பதற்குக் காற்றுக்குமிழியைக் குறைசொல்வார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது நீராவிதான். நன்றாகக் காய்ந்த தடித்த மண் குமிழியோடும் சுடப்படும், ஈரமான மண் குமிழி இல்லாமலும் வெடிக்கும்.

அதனால் 80 முதல் 90 டிகிரியில் நான்கைந்து மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள், காற்றுத்துளை திறந்திருக்கட்டும். பிறகு மணிக்கு 100 டிகிரி வேகத்தில் 600 வரை. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், அதைப் பொறுமையாகக் கடக்க வேண்டும். அதற்குமேல் மணிக்கு 150 டிகிரி, 1000 வரை. இறங்கும்போது சூளை தானாக ஆறட்டும். 100 டிகிரிக்குக் கீழே வந்தபின் திறக்கலாம்.

வெளிவரும் கோப்பை கடினமாக, நீரை உறிஞ்சுவதாக இருக்கும். கிளேஸ் பிடிக்க அந்த உறிஞ்சல் தேவை. முதல் சூட்டை அதிகமாக்கினால் உறிஞ்சல் குறைந்து கிளேஸ் வழுகும்.

10. கிளேஸ் பூசுதல்

உணவுப் பாத்திரத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட, ஈயம் இல்லாத, உங்கள் சூளையின் வெப்பத்துக்குப் பொருந்தும் கிளேஸை வாங்குங்கள். தூரிகையால் பூசும் வகை தொடக்கத்துக்கு எளிது. முதலில் நிற்கும் சோதனைத் துண்டுகளில் ஒன்று, இரண்டு, மூன்று பூச்சு என்று போட்டு அனுப்புங்கள். எத்தனை பூச்சில் நிறம் வருகிறது, எத்தனையில் வழிகிறது என்று தெரிந்த பிறகு கோப்பையைத் தொடலாம்.

கோப்பையை ஈரப் பஞ்சால் துடைத்து அரைமணி நேரம் விடுங்கள். தூசியும் கை எண்ணெயும் இருந்த இடத்தில் கிளேஸ் சுருண்டு விலகி மொட்டையாகும். உட்புறத்துக்குக் கொஞ்சம் கிளேஸை ஊற்றிச் சுழற்றி உடனே கவிழ்த்துவிடுங்கள். வெளியே மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்குத் திசையில், முந்தையது பளபளப்பு போய் உலர்ந்த பின்.

அடிப்பரப்பையும் அதற்கு மேல் 5 மி.மீ. உயரத்தையும் பஞ்சால் சுத்தமாகத் துடையுங்கள். கிளேஸ் என்பது உருகும் கண்ணாடி. அடியில் ஒரு சொட்டு இருந்தாலும் கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். உளியால் பெயர்த்தெடுக்கும்போது இரண்டும் உடையும். தட்டு உங்களுடையது இல்லை.

11. இரண்டாம் சூடும் சோதனையும்

முதல் சூட்டில் பாத்திரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். இதில் தொட்டால் ஒட்டிவிடும், விரல் அகல இடைவெளி வேண்டும்.

திறந்ததும் கிளேஸில் ஊசித்துளைகள் தெரிந்தால் சூடு வேகமாக ஏறியிருக்கலாம், அல்லது முதல் சூட்டில் மண்ணுக்குள் இருந்தவை முழுதாக எரியவில்லை. வலைபோன்ற கீறல்கள் தெரிந்தால் ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்கியிருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்தக் கோப்பையைக் குடிக்கப் பயன்படுத்தாமல் கிளேஸை மாற்றுங்கள். கைப்பிடியின் மேல்மூட்டில் மட்டும் மெல்லிய பிளவு இருந்தால் ஏழாம் படிக்குத் திரும்ப வேண்டும், ஈரம் சமமாகவில்லை.

அடியை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பை நீக்கி, கோப்பை நிறைய நீர் ஊற்றிச் செய்தித்தாள்மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளில் ஈரவட்டம் இருந்தால் மண் முழுதாக இறுகவில்லை. அதே மண்ணில் அடுத்ததைச் சுடுமுன், பையில் குறிப்பிட்ட வெப்பத்தைச் சூளை உண்மையில் எட்டியதா என்று சூளைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.